உஸ்பெகிஸ்தானின் அயலுறவும் வணிகமும்: பருத்தி வழியே ஒரு வரலாறு

உஸ்பெகிஸ்தான் நடு ஆசியாவில் உள்ள ஒரு குடியரசு நாடு ஆகும். இதன் தலைநகர் தாஷ்கண்ட். சோவியத் ஒன்றியத்தின் ஓர் உறுப்புக் குடியரசாக இருந்த இந்நாடு 1991 ஆகஸ்டு 31 அன்று தன் விடுதலையை அறிவித்தது. நடு ஆசியாவின் ஐந்து நாடுகளில் மக்கள்தொகை மிகுந்தது இதுவே; ஏறத்தாழ 3.7 கோடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். கசகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துருக்மெனிஸ்தான் ஆகிய மற்ற நான்கு நடு ஆசிய நாடுகளுடனும் எல்லையைப் பகிரும் ஒரே நாடு இது. தெற்கில் ஆப்கானிஸ்தானுடனும் எல்லை உண்டு.

இந்நாட்டின் அயலுறவு வரலாற்றைப் பெருமளவு தீர்மானித்தவை இரண்டு: கடல் இல்லாமை, பருத்தி. இவ்விரண்டையும் தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டக் கரிசல் நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய இந்நிலமும் பருத்தியால் உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. இரண்டு நிலங்களும் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் அச்சந்தைக்குள் வேகமாக இழுக்கப்பட்டன. அதன் பிறகு அவை சென்ற வழிகள் வேறு வேறு.

நில அமைப்பும் கடலின்மையும்

கடற்கரை இல்லாத நாடுகள் உலகில் பல உள்ளன. ஆனால் கடலை அடைய குறைந்தது இரண்டு நாட்டு எல்லைகளையாவது கடக்க வேண்டிய நாடுகள் இரண்டே. ஒன்று ஐரோப்பாவில் உள்ள லிக்டென்ஸ்டைன், மற்றொன்று உஸ்பெகிஸ்தான். இதன் அண்டை நாடுகள் ஐந்துக்கும் பெருங்கடல் கரை கிடையாது. கசகஸ்தானும் துருக்மெனிஸ்தானும் காஸ்பியன் கரையில் இருந்தாலும், காஸ்பியன் நான்கு புறமும் நிலம் சூழ்ந்த நீர்நிலை.

இந்த நிலையின் பொருளை ஒரு தமிழ்நாட்டு எடுத்துக்காட்டால் விளக்கலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் தேசிய நெடுஞ்சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகச் செல்கிறது. காரியாபட்டியில் ஏற்றப்படும் சரக்கு, நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தொலைவில் உள்ள தூத்துக்குடித் துறைமுகத்தைச் சில மணி நேரத்தில் அடைந்துவிடும். இடையில் சுங்கச்சாவடி உண்டு. நாட்டு எல்லை இல்லை. தாஷ்கண்டில் ஏற்றப்படும் சரக்கோ ஒவ்வொரு எல்லையிலும் ஓர் அரசின் அனுமதியையும், சுங்கச் சோதனையையும், வழிக்கட்டணத்தையும் எதிர்கொள்கிறது. அந்த அரசுகளில் ஒன்றோடு மனக்கசப்பு ஏற்பட்டாலும் வணிகம் நின்றுபோகும். எனவே உஸ்பெகிஸ்தானைப் பொறுத்தவரை வணிகக் கொள்கையும் அயலுறவுக் கொள்கையும் ஏறக்குறைய ஒன்றே.

பழைய வணிக வழிகள்

கடல்வழி வணிகம் ஓங்குவதற்கு முன், இந்த நில அமைப்பு குறையாக இல்லை; பெரும் வாய்ப்பாகவே இருந்தது. சமர்கண்ட், புகாரா ஆகிய நகரங்கள் சீனாவையும் மேற்கு ஆசியாவையும் இணைத்த பட்டுப் பாதையின் நடுவில் இருந்தன. சமர்கண்டைச் சேர்ந்த சோக்தியர் என்னும் வணிக மக்கள் பல நூற்றாண்டுகள் இப்பாதையின் பெரும் பகுதியைத் தம் கையில் வைத்திருந்தனர்.

வட இந்தியாவுடனும் நெருங்கிய தொடர்பு இருந்தது. முகலாய அரசை 1526 ஆம் ஆண்டு நிறுவிய பாபர், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள ஆண்டிஜானில் 1483 இல் பிறந்தவர். முகலாயர் காலத்தில் முல்தான் வணிகர்கள் புகாராவில் தங்கிப் பருத்தித் துணி, அவுரிச் சாயம் ஆகியவற்றை விற்றனர். வட்டிக்குக் கடனும் கொடுத்தனர். அங்கிருந்து குதிரைகளும் உலர்பழங்களும் கைபர், போலன் கணவாய்கள் வழியே இந்தியாவுக்கு வந்தன.

தமிழகம் இந்த நிலவழி வலைக்கு வெளியே இருந்தது. பாண்டிய நாட்டுக்குத் தேவைப்பட்ட குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் காயல் துறைமுகத்துக்கு வந்து இறங்கியதை 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். வட இந்தியாவுக்குக் குதிரை நிலத்தில் வந்தது, தென்னிந்தியாவுக்கு நீரில் வந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் காலத்தில் கடல்வழி மேலும் வலுப்பெற்றபோது காயலுக்கு அருகில் தூத்துக்குடி வளர்ந்தது. நடு ஆசிய நகரங்களோ உலக வணிகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

அமெரிக்க உள்நாட்டுப் போரும் இரண்டு பருத்தி நிலங்களும்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் உலகப் பருத்திச் சந்தையைக் குலுக்கியது. தென் மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பருத்தி நின்றது. லங்காசயர் ஆலைகள் மூடப்பட்டன. விலை பல மடங்கு ஏறியது. இங்கிலாந்து இந்தியப் பருத்தியை நாடியது. அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்த ரஷ்ய ஆலைகளும் தமக்கென ஒரு பருத்தி நிலத்தைத் தேடின.

தமிழ்நாட்டில் இதன் பயனைப் பெற்றது திருநெல்வேலி, இராமநாதபுரம் கரிசல் நிலம். இங்கு விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறியது. 1876 ஆம் ஆண்டு மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபோது, அதன் வழியில் இருந்த விருதுப்பட்டி பெரும் சந்தை ஊராக வளர்ந்தது. இந்த ஊர்தான் 1923 இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, சிவகாசி ஆகிய ஊர்களின் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்து, வணிகத்தின் மீது மகமை வசூலித்து, அந்தப் பொது நிதியில் பள்ளிகளையும் பொதுப் பணிகளையும் நடத்தினர். பருத்தியில் ஈட்டிய பணத்தின் ஒரு பகுதி உள்ளூரிலேயே தங்கியது. அவ்வணிக மரபிலிருந்து 1920களில் சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பிறந்தது.

நடு ஆசியாவில் இதே பருத்தித் தேவை படையெடுப்போடு சேர்ந்து வந்தது. ரஷ்யப் படை 1865 இல் தாஷ்கண்டையும் 1868 இல் சமர்கண்டையும் கைப்பற்றியது. புகாரா அமீரகமும் கீவா கானகமும் ரஷ்யப் பாதுகாப்புக்கு உட்பட்ட அரசுகளாயின. கோகண்ட் கானகம் 1876 இல் ரஷ்யாவுடன் இணைக்கப்பட்டது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்மீதான போட்டி, எல்லைக் காவல், படைத்தலைவர்களின் புகழாசை எனப் படையெடுப்புக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. பருத்தி அவற்றுள் ஒன்று. ஆனால் பிடித்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு மிக விரைவில் பருத்தியே விடையானது.

1880களில் நீண்ட இழை கொண்ட அமெரிக்கப் பருத்தி விதைகள் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் பரப்பப்பட்டன. காஸ்பியன் கரையிலிருந்து தொடங்கிய இருப்புப்பாதை 1888 இல் சமர்கண்டை அடைந்தது. ஓரன்பர்க்கையும் தாஷ்கண்டையும் இணைத்த பாதை 1906 இல் முடிந்தது. பருத்தி வடக்கே போயிற்று. தானியம் வடக்கிலிருந்து வந்தது. தமக்கான கோதுமையை விளைவித்து வந்த உழவர்கள் அதைக் கடன்பட்டு வாங்கி உண்ணும் நிலைக்கு மாறினர். முதல் உலகப் போரும் புரட்சியும் இருப்புப்பாதைப் போக்குவரத்தைத் துண்டித்தபோது, தானியம் வராமல் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஒரே பயிரையும் ஒரே வாடிக்கையாளரையும் ஒரே வழியையும் நம்பிய பொருளாதாரத்தின் ஆபத்து அப்போதே வெளிப்பட்டது.

தாஷ்கண்டில் இந்தியப் புரட்சியாளர்கள்

1920 ஆம் ஆண்டு தாஷ்கண்ட் இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று எம். என். ராய் உள்ளிட்ட எழுவர் அங்குக் கூடி இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தனர். அக்கூட்டத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சென்னையைச் சேர்ந்த எம். பி. டி. ஆச்சார்யா. பாரதியார் பணியாற்றிய 'இந்தியா' இதழோடு புதுச்சேரியில் தொடர்பு கொண்டிருந்தவர் இவர். பின்னர் ராயுடன் கருத்து வேறுபட்டு, அரசின்மைக் கொள்கைக்கு மாறினார்.

இந்தியாவிலிருந்து கிலாபத் உணர்வோடு புறப்பட்டு ஆப்கானிஸ்தான் வழியே வந்த இளைஞர்களுக்குத் தாஷ்கண்டில் ஒரு படைப் பயிற்சிப் பள்ளியும் நடத்தப்பட்டது. அது நீடிக்கவில்லை. 1921 மார்ச்சு 16 அன்று பிரிட்டனும் சோவியத் ரஷ்யாவும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆசியாவில், குறிப்பாக இந்தியாவில், பிரிட்டனுக்கு எதிரான செயல்களை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. போராலும் பஞ்சத்தாலும் தளர்ந்திருந்த சோவியத் அரசுக்கு வணிகம் தேவைப்பட்டது, பள்ளி மூடப்பட்டது. வணிகத்துக்காக அயலுறவு வளைவது இந்நகருக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று.

சோவியத் காலம்: பருத்தியும் நீரும்

உஸ்பெக் சோவியத் சோசலிசக் குடியரசு 1924 இல் அமைக்கப்பட்டது. அடுத்த அறுபத்தேழு ஆண்டுகள் அதற்குத் தனி அயலுறவு இல்லை. என்ன விளைவிப்பது, யாருக்கு விற்பது என்பதை மாஸ்கோ முடிவு செய்தது. சோவியத் ஒன்றியத்தின் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உஸ்பெகிஸ்தானில் விளைந்தது. அதை நூலாகவும் துணியாகவும் மாற்றிய ஆலைகளில் பெரும்பாலானவை ரஷ்யாவில் இருந்தன.

விருதுநகர் வட்டாரக் கரிசல் பருத்தி பெரிதும் மானாவாரிப் பயிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பிடித்து வைக்கும் ஈரத்திலேயே அது வளர்ந்து காய்க்கும். உஸ்பெகிஸ்தானின் நிலை முற்றிலும் வேறு. அது வறண்ட நிலம். பாசனம் இன்றிப் பருத்தி இல்லை. ஆமூ தரியா, சிர் தரியா என்னும் இரண்டு ஆறுகளின் நீர் கால்வாய்களில் திருப்பப்பட்டது. 1939 இல் பெரும் மனித உழைப்பால் பெரிய ஃபெர்கானாக் கால்வாய் வெட்டப்பட்டது. 1960களில் பாசனப் பரப்பு வேகமாக விரிவாக்கப்பட்டது.

இவ்விரு ஆறுகளும் கலந்த இடம் ஆரல் கடல். 1960 இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அது உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. ஆற்று நீர் வராமற் போகவே ஏரி சுருங்கியது. இன்று பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் நகரில் இப்போது கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வறண்ட ஏரிப்படுகையின் உப்பும் பூச்சிக்கொல்லி எச்சமும் கலந்த தூசு சுற்றுப்புற மக்களின் உடல்நலத்தைக் கெடுத்தது. கடலில்லாத நாட்டுக்கு இருந்த ஒரே 'கடலும்' பருத்தி ஏற்றுமதிக்கு விலையாயிற்று.

இலக்கை எட்ட முடியாத ஆண்டுகளில் விளைச்சல் கணக்கு பொய்யாக எழுதப்பட்டது. விளையாத பருத்திக்கு மாஸ்கோ பணம் கொடுத்தது. 1980களில் இது வெளிப்பட்டு ஆயிரக்கணக்கானோர் விசாரிக்கப்பட்டனர். 'பருத்தி வழக்கு' எனப்படும் இந்நிகழ்வைத் தம் குடியரசுக்கு மாஸ்கோ இழைத்த அவமதிப்பாகவே உஸ்பெக் மக்களில் பலர் கருதினர். விடுதலைக்குப் பின் ரஷ்யாவிடம் அந்நாடு காட்டிய எச்சரிக்கைக்கு இதுவும் ஒரு பின்னணி.

1966: தாஷ்கண்டும் விருதுநகரும்

1965 இந்திய–பாகிஸ்தான் போருக்குப் பின் இரு நாட்டுத் தலைவர்களையும் சோவியத் பிரதமர் கோசிகின் தாஷ்கண்டுக்கு அழைத்தார். 1966 சனவரி 4 அன்று பேச்சு தொடங்கியது. சனவரி 10 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் தாஷ்கண்ட் அறிக்கையில் கையெழுத்திட்டனர். போருக்கு முன், அதாவது 1965 ஆகஸ்டு 5 அன்று, இருந்த நிலைகளுக்குப் படைகள் திரும்ப வேண்டும் என்பது அதன் முதன்மை விதி. கையெழுத்திட்ட சில மணி நேரத்தில், சனவரி 11 அதிகாலையில், சாஸ்திரி அங்கேயே மாரடைப்பால் காலமானார்.

இந்தியாவுக்கு அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு விருதுநகரில் பிறந்த காமராசரிடம் வந்தது. 1964 முதல் அவர் காங்கிரசுக் கட்சியின் தலைவராக இருந்தார். நேருவின் மறைவுக்குப் பின் சாஸ்திரியைத் தேர்ந்தெடுக்க வழி செய்தவரும் அவரே. இம்முறை மாநில முதலமைச்சர்களின் ஆதரவைத் திரட்டி இந்திரா காந்தியை முன்னிறுத்தினார். மொரார்ஜி தேசாய் போட்டியிட்டார். சனவரி 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் 355க்கு 169 என்ற கணக்கில் இந்திரா காந்தி வென்றார். தாஷ்கண்டில் ஏற்பட்ட வெற்றிடம் விருதுநகர்க்காரர் ஒருவரின் முடிவால் நிரம்பியது. அதன்பின் அமைந்த இந்திரா ஆட்சியில்தான் 1971 ஆம் ஆண்டு இந்திய–சோவியத் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது.

தாஷ்கண்டில் சாஸ்திரியின் சிலையும் அவர் பெயரில் தெருவும் உள்ளன. ராஜ் கபூர் படங்கள் அங்குப் பெற்ற வரவேற்பும், 1968 முதல் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவும் இந்தியாவின் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றன. ஆனால் இத்தொடர்புகள் அனைத்தும் மாஸ்கோ வழியாகவே நடந்தன. வணிகமும் இந்திய–சோவியத் ரூபாய் வணிகக் கணக்கில் அடங்கியது. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, நட்பு எஞ்சியது. வணிகத்துக்கான வழி எஞ்சவில்லை.

விடுதலைக்குப் பின்: கரிமோவ் காலம் (1991–2016)

முதல் அதிபர் இஸ்லாம் கரிமோவ் எந்த வல்லரசையும் முழுமையாகச் சாராத கொள்கையை மேற்கொண்டார். ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையில் சேர்ந்து, 1999 இல் விலகி, 2006 இல் மீண்டும் சேர்ந்து, 2012 இல் மீண்டும் ஒதுங்கியது உஸ்பெகிஸ்தான். 2001 இல் ஆப்கானிஸ்தான் போருக்காகக் கர்சி–கானாபாத் விமானத் தளத்தை அமெரிக்காவுக்கு அளித்தது. 2005 மே 13 அன்று ஆண்டிஜான் நகரில் திரண்ட மக்கள்மீது படைகள் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கூறின. மேற்கு நாடுகள் விசாரணை கோரின. அதே ஆண்டு அமெரிக்கத் தளம் வெளியேற்றப்பட்டது.

தென் கொரியாவுடன் இக்காலத்தில் அமைந்த உறவு குறிப்பிடத்தக்கது. அசகா நகரில் டேவூ நிறுவனத்துடன் கூட்டாக அமைந்த கார் தொழிற்சாலை 1996 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்டாலின் ஆட்சியில் 1937 இல் தூரக் கிழக்கிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட கொரிய வழியினர் இங்குப் பெருந்தொகையில் வாழ்வது இவ்வுறவுக்குத் துணை செய்தது.

அண்டை நாடுகளுடன் உறவு கசந்தே இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் தஜிகிஸ்தான் கட்ட விரும்பிய ரோகுன் அணையை உஸ்பெகிஸ்தான் கடுமையாக எதிர்த்தது. தஜிக் எல்லையின் சில பகுதிகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. உள்நாட்டில் அந்நியச் செலாவணிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அரசு அறிவித்த மாற்று விகிதம் ஒன்று, கடைத்தெருவில் நடந்த விகிதம் மற்றொன்று. வெளிநாட்டு வணிகர் ஈட்டிய பணத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்வதே அரிதாயிற்று. சுற்றிலும் எல்லைகளே உள்ள நாடு, அந்த எல்லைகளைத் தானே மூடிக்கொண்டது.

மிர்சியோயெவ் காலம்: திறந்த எல்லைகள்

கரிமோவ் 2016 இல் காலமானதும் பொறுப்பேற்ற சவ்கத் மிர்சியோயெவ் அண்டை நாடுகளிலிருந்து தொடங்கினார். எல்லைக் கடவைகள் திறக்கப்பட்டன. தஜிகிஸ்தானுடன் நுழைவிசைவு தேவை நீக்கப்பட்டு, கண்ணிவெடிகளை அகற்றும் பணி தொடங்கியது. 2017 செப்டம்பரில் 'சோம்' நாணயத்தின் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஒரே நாளில் அதன் அறிவிக்கப்பட்ட மதிப்பு ஏறத்தாழப் பாதியானது. உண்மை விலை வெளிப்பட்டதால் முதலீட்டாளர்கள் வரத் தொடங்கினர். 1994 இல் விண்ணப்பித்துக் கிடப்பில் இருந்த உலக வணிக அமைப்பு உறுப்புரிமைப் பேச்சும் 2020 இல் மீண்டும் உயிர் பெற்றது.

ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் உஸ்பெகிஸ்தான் முழு உறுப்பினராகவில்லை. 2020 திசம்பரில் பார்வையாளர் நிலையை மட்டும் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்பு வரிச் சலுகையை 2021 இல் பெற்றது. சீனாவிலிருந்து கிர்கிஸ்தான் வழியாக வரும் புதிய இருப்புப்பாதைக்கு 2024 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெருந்தொகையான உஸ்பெக் தொழிலாளர்கள் ரஷ்யாவில் வேலை செய்து பணம் அனுப்புகின்றனர். 2024 இல் சீனாவுடனும் ரஷ்யாவுடனும் நடந்த வணிகம் தனித்தனியே 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்றுமதியில் இப்போது முதலிடம் பருத்திக்கு இல்லை, தங்கத்துக்கே.

பருத்தியும் உழைப்பும்

சோவியத் ஆட்சி முடிந்த பின்னும் பருத்தியை அரசே நிர்ணயித்த விலைக்கு வாங்கும் முறை நீடித்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் பருத்தி எடுக்கக் கட்டாயமாக வயலுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமை அமைப்புகளின் அழைப்பை ஏற்று, 300க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்குவதில்லை என உறுதி எடுத்தன. 2013 முதல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அறுவடையைக் கண்காணித்தது. அரசின் பருத்திக் கொள்முதல் ஒதுக்கீடு 2020 இல் நீக்கப்பட்டது. கட்டாய உழைப்பு முறையாக நடத்தப்படுவது முடிவுக்கு வந்துவிட்டது எனக் கண்டறியப்பட்டு, 2022 மார்ச்சு 10 அன்று புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்த அனுபவம் அயலானதன்று. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்தது பல்லாண்டு விவாதிக்கப்பட்டது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 திசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும், குழந்தைக்குக் கல்வியும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் கிடைக்க வழி காண வேண்டும் என்பன அதன் கூறுகள். சிவகாசியில் நெருக்கடி நீதிமன்றத்தின் வழியே வந்தது. உஸ்பெகிஸ்தானில் வெளிநாட்டுச் சந்தையின் வழியே வந்தது. அங்குக் குழந்தையை வயலுக்கு அனுப்பியது அரசே என்பதால், உள்நாட்டு நீதிமன்றத்தை நாட வழி இருக்கவில்லை.

இப்போது உஸ்பெகிஸ்தான் தன் பருத்தியைப் பஞ்சாக விற்காமல் நூலாகவும் ஆடையாகவும் விற்க முனைகிறது. விதைப்பு முதல் நூற்பு வரை ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவரும் 'தொகுப்பு' முறை பின்பற்றப்படுகிறது. இதே நோக்கத்தோடு இந்திய அரசு 2023 இல் அறிவித்த ஏழு பெரிய ஒருங்கிணைந்த சவுளிப் பூங்காக்களில் ஒன்று விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் அமைகிறது. ஒரே காலத்தில் பஞ்சு விற்கத் தொடங்கிய இரண்டு நிலங்கள், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஆடைச் சந்தையில் போட்டியாளர்களாகச் சந்திக்கும் நிலை உருவாகிறது.

இந்தியாவுடன் உறவு

இந்தியாவும் உஸ்பெகிஸ்தானும் 1992 மார்ச்சு 18 அன்று தூதரக உறவை ஏற்படுத்தின. பிரதமர் நரசிம்ம ராவ் 1993 இல் தாஷ்கண்ட் சென்றார். 2011 இல் இருநாட்டு உறவு உத்திசார் கூட்டுறவாக உயர்த்தப்பட்டது. பிரதமர் மோதி 2015, 2016, 2022 ஆம் ஆண்டுகளில் அங்குச் சென்றார். 2019 சனவரியில் இந்திய அணுமின் நிலையங்களுக்கு நீண்டகால யுரேனியம் வழங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 செப்டம்பர் 27 அன்று முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்யப்பட்டது. இரு நாடுகளும் சாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பினர்கள்.

இந்தியாவிலிருந்து மருந்து, இயந்திரம், வாகன உதிரிபாகம் ஆகியன செல்கின்றன. அங்கிருந்து உரம், பழம், காய்கறிப் பொருள்கள், பழச்சாறு ஆகியன வருகின்றன. எனினும் ஆண்டு வணிகம் நெடுங்காலம் 100 கோடி டாலருக்குக் கீழேயே இருந்தது. அரசியல் நெருக்கத்துக்கும் வணிக அளவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணம் வழியே.

தாஷ்கண்டுக்கு மிகக் குறுகிய வழி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஊடாகச் செல்வது. இந்தியச் சரக்குக்கு அது பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. எனவே சரக்கு கப்பலில் ஈரானின் பந்தர் அப்பாசுக்குச் சென்று, துருக்மெனிஸ்தான் வழியாக நிலத்தில் போகிறது. அல்லது சீனத் துறைமுகத்தில் இறங்கிக் கசகஸ்தான் வழியாகத் தொடர்வண்டியில் போகிறது. ஈரானின் சாபகார் துறைமுகத்தை இதற்கான மாற்று வாயிலாக்க இந்தியா, ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்றும் 2020 திசம்பரில் கூட்டுப் பேச்சைத் தொடங்கின. சாபகாரில் முனையத்தை இயக்கப் பத்தாண்டு ஒப்பந்தத்தை இந்தியா 2024 மே மாதம் செய்தது. ஈரான்மீதான அமெரிக்கத் தடைகள் இத்திட்டத்தின் மீது எப்போதும் நிழலாக உள்ளன. உஸ்பெகிஸ்தானோ ஆப்கானிஸ்தானைக் கடந்து பெசாவர் வரை இருப்புப்பாதை அமைக்கும் திட்டத்தையும் கைவிடாமல் வைத்திருக்கிறது. அது நிறைவேறினால் உஸ்பெகிஸ்தானுக்குக் கராச்சி வழியே கடல் கிட்டும்.

மருந்தும் மருத்துவக் கல்வியும்

இவ்வுறவில் பொதுமக்களை நேரடியாகத் தொடுவன மருந்தும் கல்வியும். 2022 திசம்பரில், நொய்டாவில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் இறந்ததாக உஸ்பெக் நலவாழ்வு அமைச்சகம் அறிவித்தது. முதலில் 18 இறப்புகள் குறிப்பிடப்பட்டன. பின்னர் எண்ணிக்கை பன்மடங்கானது. நச்சுத்தன்மையுள்ள வேதிப்பொருள் மருந்தில் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. 2023 சனவரியில் உலக நலவாழ்வு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. இதன் பின் இருமல் மருந்துகளை அரசு ஆய்வகச் சான்று இன்றி ஏற்றுமதி செய்யக் கூடாது என இந்தியா 2023 சூன் முதல் விதித்தது. இந்தியாவின் முதன்மை ஏற்றுமதியே மருந்தாக இருப்பதால், ஓர் ஆலையின் தவறு இருநாட்டு நம்பிக்கையையே அசைத்தது.

மருத்துவக் கல்விக்காக உஸ்பெகிஸ்தான் செல்லும் இந்திய மாணவர்கள் பெருகிவருகின்றனர். 2022 இல் உக்ரைன் போரால் படிப்பை இழந்த இந்திய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சமர்கண்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நாடு திரும்பி மருத்துவராகப் பணியாற்ற, அவர்கள் இந்தியாவில் நடத்தப்படும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குடும்பங்களுக்கும் தாஷ்கண்ட், சமர்கண்ட் என்ற பெயர்கள் இன்று பழக்கமானதற்கு இதுவே காரணம்.

மதிப்பீடு

1860களில் பருத்திப் பஞ்சம் ஏற்பட்டபோது கரிசல் நிலமும் ஃபெர்கானாவும் அயலவர் ஆட்சியில் உலகச் சந்தைக்குள் வந்தன. கரிசல் நிலத்துக்கு அருகில் கடல் இருந்தது. வாங்குவோர் பலர் இருந்தனர். வணிகம் உள்ளூர் வணிகர் கையில் பெரும்பாலும் இருந்தது. பருத்தி தளர்ந்தபோது அந்த முதலும் பழக்கமும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் மாறின. ஃபெர்கானாவுக்கு வாங்குவோர் ஒருவரே, வழியும் ஒன்றே. பயிரை மாற்றும் உரிமையும் இல்லை. அதன் விலையை ஆரல் கடல் கொடுத்தது.

ஒரே வல்லரசின் கையில் வணிகத்தை ஒப்படைப்பதில் இன்றைய உஸ்பெகிஸ்தான் காட்டும் தயக்கத்தை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். சீனப் பாதை, ஈரானியத் துறைமுகம், ஆப்கான் இருப்புப்பாதை, ரஷ்யச் சந்தை, ஐரோப்பியச் சலுகை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நாடுவது முரணாகத் தோன்றினாலும், ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்க வேண்டும் என்ற பழைய பஞ்சத்தின் பாடமே அதன் அடிப்படை. இந்தியாவைப் பொறுத்தவரை நட்புக்குக் குறைவில்லை. அந்த நட்பு வணிகமாவதற்குத் தடையாக நிற்பது வழி ஒன்றே.